சூலியா தெரு ஜவுளிக்கடைக்காரரும் மூணா பிரிஞ்ச அவரோட வாரிசுகளும்

பினாங்குல நாலஞ்சு தலைமுறையா இருக்குற தமிழ் முஸ்லிம் வீட்டுல போய் உங்க பூட்டனாரு எப்ப இங்க வந்தாரு என்ன தொழில் பண்ணாருன்னு கேட்டா பெரும்பாலும் ஒரே மாதிரி பதில்தான் வரும், கப்பல்ல வந்தாரு, ஜவுளி வியாபாரம் பண்ணாரு, நல்லா இருந்தாரு, அப்புறம் எல்லாம் போயிடுச்சு. அவருக்கு எத்தன பிள்ளைங்க, அவங்கல்லாம் இப்ப எங்க இருக்காங்கன்னு அடுத்த கேள்வி கேட்டா பேச்சு அங்கயே நின்னுடும். கப்பித்தான் கெலிங்னு நம்மாளுங்களுக்கு தலைவரா இருந்த காதர் மொகிதீன் மாதிரி பெரிய ஆளுங்களுக்கு மசூதி இருக்கு, வக்ஃபு நிலம் இருக்கு, தெருவுக்கே பேரு இருக்கு, அதனால அவங்க வரலாற யாராவது ஒருத்தர் எழுதிக்கிட்டேதான் இருக்காங்க. ஒரு கதவு அகலத்துக்கு கடை போட்டு கைலியும் துண்டும் வித்த சின்ன வியாபாரிக்கு அப்படி எதுவும் கிடையாது, ஆனா பினாங்குல இன்னைக்கு இருக்குற பல ஆயிரம் பேரு அந்த சின்ன வியாபாரிங்களோட வாரிசுங்கதான், இதுல பல பேருக்கு தான் ஒரு தமிழரோட வாரிசுங்கறதே தெரியாது.

இது மறதியால மட்டும் வந்தது கிடையாதுங்கறது என்னோட கருத்து. அந்தக் காலத்து கப்பல், அந்தக் காலத்து கோர்ட்டு, கரையோர ஊர்ல வீடு யார் பேருல இருக்கணும்ங்கற வழக்கம், இது மூணும் சேந்து ஒரே குடும்பத்த மூணு குடும்பமா பிரிச்சு விட்டுச்சு. அது எப்படி நடந்துச்சுன்னு புரிஞ்சாதான் தேடவே முடியும். நான் இங்க சொல்லப்போறது ஒரு குறிப்பிட்ட ஆளோட கதையா எடுத்துக்காதீங்க, 1840, 1850 வாக்குல நாகூர் பக்கத்துல இருந்து பினாங்கு வந்து சின்னதா ஜவுளிக்கடை வச்சவங்க பல பேரோட வாழ்க்கைய ஒண்ணா வச்சு பாத்தா தெரியுற பொதுவான உருவம் இது, அதனால பேரு வைக்கல, கடைக்காரருன்னே சொல்லிக்கிட்டு போறேன்.

முதல்ல ஒண்ண தெளிவா சொல்லிடணும், அவரு வந்தப்ப பினாங்கு நம்மாளுங்களுக்கு புது ஊரு கிடையாது. கிழக்கிந்திய கம்பெனிக்காக பிரான்சிஸ் லைட் 1786 ஆகஸ்ட்ல தீவுல கொடி ஏத்துறதுக்கு முன்னாடியே எதிர்க்கரையில இருக்குற கெடாவுல சூலியாக்காரங்க, அதாவது நம்ம கரையோர தமிழ் முஸ்லிம் வியாபாரிங்க, தலைமுறை தலைமுறையா வியாபாரம் பண்ணிக்கிட்டு இருந்தாங்க. 1790-கள்ல லைட் எழுதுன அறிக்கையில அவரே சொல்றாரு, சூலியாக்காரங்க சுமார் 1000 பேரு தீவுல நிலையா இருக்காங்க, சில பேரு குடும்பத்தோட இருக்காங்க, எல்லாரும் கடைக்காரங்களும் கூலிகளும்தான், இது போக வருஷா வருஷம் சோழமண்டலக் கரையில இருந்து கப்பல்ல 1300-ல இருந்து 2000 பேரு வரைக்கும் வந்து கொஞ்சம் காசு சேத்துக்கிட்டு ஊருக்கு திரும்பிடுறாங்க, அவங்க இடத்துக்கு வேற ஆளு வருதுன்னு. இந்த வரிய நான் பல தடவ படிச்சிருக்கேன், ஏன்னா நம்ம கடைக்காரரோட வாழ்க்கை முழுசும் இதுலயே இருக்கு. அவரு குடியேற வந்தவரே கிடையாது. ஊர்ல அவங்கள சபுராளின்னு சொல்லுவாங்க, சபர் போறவரு, போயிட்டு திரும்பி வர்றவரு. திரும்பி வருவாருன்னு எல்லாரும் நம்புன ஒரு ஆளு நாளடைவுல வராமலே போனதுதான் இந்தக் குடும்ப வரலாறு.

பாய்மரக் கப்பல் காலத்துல எப்ப போறது எப்ப வர்றதுங்கறத காத்துதான் முடிவு பண்ணும். தென்மேற்கு காத்து வீசுற மாசங்கள்ல நாகூர், நாகப்பட்டினம், காரைக்கால், பரங்கிப்பேட்டை பக்கத்துல இருந்து கெளம்பி வங்கக்கடல குறுக்கால தாண்டி வரணும், திரும்பிப் போறதுக்கு வடகிழக்கு காத்து வரணும், அதுலயும் ஐப்பசி கார்த்திகையில நம்ம கரையில புயல் அடிக்கும், அந்த நேரத்துல எந்த மாலுமியும் அங்க கரைய ஒட்ட மாட்டான். அதனால ஒரு தடவ வந்தா மாசக்கணக்குல இங்க தங்கித்தான் ஆகணும். சரக்கு கைலி, தலைப்பாத் துணி, கட்டம் போட்ட துணி. பெரும்பாலும் சொந்த முதல் கெடையாது, ஊர்ல ஒரு பெரிய மரைக்காயரு கடனுக்கு கொடுத்த சரக்கா இருக்கும், வித்துட்டு பாக்கும் மிளகும் வாங்கிக்கிட்டு போய் கணக்க தீக்கணும். மிளகு அதிகமா சுமத்ராவுல இருக்குற அச்சேயில இருந்து பினாங்குக்கு வரும், அந்த மிளகு வியாபாரத்துலயும் நம்மாளுங்க கை நிறைய இருந்துச்சு.

இப்ப கல்யாணத்துக்கு வருவோம், இதப்பத்தி நம்ம வீடுகள்ல பேசவே மாட்டாங்க, ஆனா இத பேசாம மிச்சத்த புரிஞ்சுக்க முடியாது. சோழமண்டலக் கரையில, சொந்த ஊர்ல அவருக்கு ஒரு மனைவி இருப்பாங்க. காயல்பட்டினம், கீழக்கரையில இன்னைக்கும் கறாரா இருக்குற வழக்கம், நாகூர் காரைக்கால் பக்கமும் பல மரைக்காயர் குடும்பங்கள்ல உண்டு, வீடுங்கறது பொண்ணுக்குத்தான். கல்யாணம் ஆனா மாப்பிள்ளை பொண்ணு வீட்டுக்கு வந்து இருப்பாரு, பொண்ணுக்கு பொண்ணு பொறந்தா அதுக்கும் ஒரு வீடு கட்டணும். கடல் தாண்டி போற ஆம்பளைங்க இருக்குற ஊருக்கு இது ரொம்ப பொருத்தமான ஏற்பாடு, ஆம்பளை ரெண்டு வருஷம் வரலன்னாலும் உம்மா, பெரியம்மா, ராத்தான்னு சுத்தி சொந்தக்காரப் பொம்பளைங்க இருப்பாங்க, வீடு நடக்கும். இதோட இன்னொரு பக்கம் என்னன்னா அந்த மனைவி பினாங்குக்கு கெளம்பி வரவே மாட்டாங்க, வர வேண்டிய அவசியமும் இல்ல. வீட்ட விட்டுட்டு அவங்க எதுக்கு வரணும்?

இங்க பினாங்குல அவருக்கு இன்னொரு கல்யாணம் நடக்கும். பொண்ணு மலாய்க்காரங்களா இருக்கலாம், இல்லன்னா முன்னாடி வந்த ஒரு தமிழ் வியாபாரிக்கு இங்கயே பொறந்த மகளா இருக்கலாம். பல வீடுகள்ல இத 'வச்சிக்கிட்டாரு'ன்னு ஒரு மாதிரி இழுத்து சொல்லுவாங்க, எனக்கு அந்த பேச்சு பிடிக்காது. மஹர் கொடுத்து சாட்சி வச்சு நடந்த நிக்காஹ் அது. அந்தம்மாதான் அவரு ஊருக்கு போயிருக்குற மாசங்கள்ல கடைய பாத்துக்கிட்டாங்க, பாக்கிய வசூல் பண்ணாங்க, பிள்ளைங்கள வளத்தாங்க. ஆனா அவங்க பேரு எங்கயுமே கிடைக்காது. நீரிணைக் குடியேற்றங்கள்ல (பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் சேந்த வெள்ளைக்காரன் ஆட்சிப் பகுதி) முஸ்லிம் கல்யாணத்த பதிவு பண்றதுக்கு சட்டம் வந்ததே 1880-லதான், அதுக்கு முன்னாடி நடந்த கல்யாணத்துக்கு அரசாங்கத்துல ஒரு சீட்டு கூட கிடையாது.

அந்தப் பிள்ளைங்கதான் ஜாவி பெக்கான்னு ஒரு தனி சமூகமா ஆனவங்க. வீட்டுல மலாய், கடையில தமிழ், பள்ளிக்கூடத்துக்கு போனவங்களுக்கு இங்கிலீஷும். தமிழ் எவ்வளவு நாள் தாக்குப் புடிச்சுதுன்னு கேக்குறவங்களுக்கு மலாய் இலக்கியத்துல எல்லாருக்கும் தெரிஞ்ச முன்ஷி அப்துல்லாவையே உதாரணமா சொல்லலாம். அவரோட முன்னோர் ஏமன்ல இருந்து நாகூர் வந்து அங்கயே கல்யாணம் பண்ணவரு, அப்துல்லா பொறந்தது மலாக்காவுல. தன் வாழ்க்கைய எழுதுனப்ப சின்ன வயசுல தன்ன தமிழ் படிக்க அனுப்புனாங்கன்னு சொல்றாரு, வசதியான வீட்டுப் பிள்ளைங்க எல்லாருமே தமிழ் படிக்கிறது மலாக்காவுல முன்னோர் காலத்து வழக்கமாம், கணக்கு வழக்குக்கு அது தேவைப்பட்டுச்சாம். ஒரு மலாய் எழுத்தாளருக்கு தமிழ் கணக்கு மொழியா இருந்திருக்கு! பினாங்கு ஜாவி பெக்கான் பிள்ளைங்களுக்கும் அப்படித்தான், கணக்கு தேவை இருந்த வரைக்கும் தமிழ் இருந்துச்சு. 1816-ல ஆரம்பிச்ச பினாங்கு ஃப்ரீ ஸ்கூல் மாதிரி இடங்கள்ல படிச்சுட்டு கெரானியாவும் (குமாஸ்தா) கோர்ட்டுல மொழிபெயர்ப்பாளராவும் வேலைக்கு போன தலைமுறைக்கு அப்பா கடைக் கணக்கு தேவைப்படல, தமிழ் அங்க நழுவிடுச்சு. 1876-ல சிங்கப்பூர்ல இருந்து வந்த முதல் மலாய் பத்திரிகைக்கு ஜாவி பெக்கானுக்கு இன்னொரு பேரான ஜாவி பெரானாக்கான்னே பேரு வச்சாங்க, நம்ம கடைக்காரருங்களோட பிள்ளைங்க, பேரப்பிள்ளைங்க தலைமுறை ஆளுங்கதான் அத நடத்துனவங்க, அவ்வளவு சீக்கிரமா மலாய் எழுத்துல முன்னுக்கு வந்துட்டாங்க. இத நாம பெருமையா சொல்லிக்கலாம், யாரும் சொல்றதில்ல.

இதுக்கு நடுவுல கடைக்கு என்ன ஆச்சுன்னா, 1867-ல இருந்து ஆறேழு வருஷத்துக்குள்ள அடி மேல அடி. 1867 ஆகஸ்ட்ல ஜார்ஜ் டவுன்ல பெரிய கலவரம், கீ ஹின், தோ பே கோங்னு ரெண்டு சீன ரகசிய சங்கத்துக்கு நடுவுல சண்ட, முஸ்லிம்கள் சங்கங்கள்ல வெள்ளைக் கொடி கீ ஹின்காரங்க பக்கம், சிவப்புக் கொடி தோ பே கோங் பக்கம், பத்து நாள் போல கடை திறக்க வழியில்ல, ரெண்டு கொடியிலயும் மலாய்க்காரங்க, நம்மாளுங்க, ஜாவி பெக்கான் எல்லாரும் கலந்து இருந்தாங்க. 1869-ல சூயஸ் கால்வாய் திறந்தாச்சு, நீராவிக் கப்பல் வரத்து கூடிடுச்சு. 1870-71 வாக்குல சென்னைக்கும் பினாங்குக்கும் கடலுக்கடியில தந்திக் கம்பி. 1873-ல டச்சுக்காரன் அச்சே மேல படை எடுத்து கடற்கரைய அடைச்சுட்டான்.

கலவரத்த கூட தாங்கிக்கலாம், அது முடிஞ்சா கடைய திரும்ப திறக்கலாம். மத்த மூணும் தொழிலோட அடிவேரயே தொட்டுச்சு. பாய்மரக் கப்பல் காலத்துல வியாபாரிக்கு லாபமே ரெண்டு ஊர் விலை வித்தியாசம் அடுத்த ஊர்க்காரனுக்கு தெரியாம இருக்குறதுலதான், அங்க என்ன விலைன்னு இங்க தெரியுறதுக்குள்ள இவரு வித்து முடிச்சிருப்பாரு. தந்தி வந்ததும் அந்த ரகசியம் போச்சு. நீராவிக் கப்பல் காத்துக்கு காத்திருக்காது, வருஷம் பூரா சரக்கு வரும், அந்த சரக்குல மான்செஸ்டர் மில் துணியும் வரும், அத மொத்தமா இறக்குறது வெள்ளைக்கார கம்பெனிங்க. அச்சே அடைபட்டதுல மிளகு வரத்தும் தடுமாறிடுச்சு. ஆக கடல் தாண்டி சரக்கு கொண்டு வந்த வியாபாரி கொஞ்ச வருஷத்துல பக்கத்துல இருக்குற மொத்தக் கடையில வாங்கி சில்லறையில விக்கிற கடைக்காரரா ஆயிட்டாரு. வீட்டுல சொல்ற 'எல்லாம் போயிடுச்சு'ங்கற கதைக்கு பின்னாடி இதுதான் இருக்கு. யாரோ ஒரு பங்காளி ஏமாத்துனான், யாரோ ஒருத்தர் சூதாடி அழிச்சாருன்னு சொல்லுவாங்க, சில வீட்டுல அதுவும் நடந்திருக்கும், ஆனா ஒரே காலத்துல அத்தன வீட்டுலயும் பணம் போனதுக்கு ஒரு ஆளு மேல பழி போட முடியாது.

அடுத்தது உயில், இங்கதான் குடும்பம் நிரந்தரமா உடைஞ்சது. பினாங்குல அப்ப நடந்தது இங்கிலீஷ் சட்டம். 1871-ல ஃபாத்திமா எதிர் லோகன்னு ஒரு வழக்குல பினாங்கு கோர்ட்டு என்ன சொல்லிச்சுன்னா, முஸ்லிமா இருந்தாலும் இங்க எழுதுற உயிலுக்கு இங்கிலீஷ் சட்டம்தான், மார்க்கச் சட்டத்துல இருக்குற வாரிசுப் பங்கு அத கட்டுப்படுத்தாதுன்னு. அதாவது கடைக்காரரு நினைச்சா கரையில இருக்குற பிள்ளைங்களுக்கு ஒண்ணுமே எழுதாம விடலாம், இங்க இருக்குறவங்களுக்கு எழுதாமலும் விடலாம். ஒரு பக்கத்துக்கு எழுதுனா இன்னொரு பக்கம் பேச்சுவார்த்தைய நிறுத்திடும், கரையில இருக்குறவங்க இங்க வந்து வழக்கு போட முடியாது, ஒரு சொந்தக்காரருக்கு பவர் எழுதி அனுப்பணும், அந்த சொந்தக்காரரு யாரு பக்கம் இருப்பாருன்னு அல்லாஹ்வுக்குத்தான் தெரியும்.

சில பேரு பிள்ளைங்க சண்ட போடக்கூடாதுன்னு கடைய யாருக்கும் கொடுக்காம, அத விக்காம வச்சு வாடகையில வருஷா வருஷம் எனக்கு ஃபாத்திஹா ஓதி கந்தூரி கொடுங்கன்னு எழுதி வச்சாங்க. கடைய சுத்தி குடும்பம் ஒண்ணா இருக்கும்ங்கற நல்ல எண்ணம். அதுவும் கோர்ட்டுல நிக்கல. 1875-ல பினாங்குல இருந்து லண்டன்ல கடைசி அப்பீல் கோர்ட்டான பிரிவி கவுன்சில் வரைக்கும் போன யாப் சியா நியோ எதிர் ஓங் செங் நியோ வழக்கு, ஒரு சீன அம்மா முன்னோர் சடங்குக்காக வீட்ட ஒதுக்கி வச்சிருந்தாங்க, அது பொது தர்மம் கிடையாது, குடும்பத்துக்கு மட்டும் உள்ளது, அதனால சொத்த காலத்துக்கும் கட்டி வைக்க முடியாதுன்னு தீர்ப்பு. அந்த தீர்ப்போட அடிப்படையில பின்னாடி கந்தூரிக்கு எழுதி வச்ச சொத்துக்களும் செல்லாதுன்னு ஆச்சு. மசூதிக்கு எழுதுனா நிக்கும், குடும்பக் கந்தூரிக்கு எழுதுனா நிக்காது. சீனக் குடும்பம் ஒண்ணு தோத்த வழக்கால தமிழ் முஸ்லிம் கடைக்காரரோட பேரப்பிள்ளைங்க வருஷத்துல ஒரு நாளு ஒண்ணா உக்காந்து சாப்புடுறதுக்கு இருந்த காரணமே போயிடுச்சு. இந்த ஒரு விஷயத்த எங்க வயசானவங்க யாருக்கும் யாரும் விளக்கி சொல்லலங்கறதுல எனக்கு உண்மையிலயே வருத்தம் உண்டு, கோர்ட்டுல தோத்தத அவங்க காலத்துக்கும் குடும்ப மானக்கேடா நினைச்சு மறைச்சாங்க.

மூணாவது கிளை கடைய ஓட்ட வந்தது. ஜாவி பெக்கான் மகனுங்க அரசாங்க வேலைக்கு போயாச்சு, கடைக்கு ஆளு வேணும், ஊர்ல இருந்து அக்கா மகனோ மனைவியோட தம்பியோ வருவாரு. 1926-ல இருந்து ரஜூலா கப்பல் ஓட ஆரம்பிச்ச பிறகு இந்த போக்குவரத்து ரொம்ப சுலபம், நாகப்பட்டினத்துல ஏறுனா பினாங்குல இறங்கலாம். இவங்க தமிழ விடல. கடை ஜவுளியில இருந்து பணம் மாத்துற கடையாவோ, பத்திரிகைக் கடையாவோ, சாப்பாட்டுக் கடையாவோ மாறுச்சு, கடைப் பலகை மாறுனாலும் ஆளு ஊர்ல இருந்துதான் வந்தாங்க. 1941 டிசம்பர் 11-ந் தேதி ஜப்பான்காரன் ஜார்ஜ் டவுன் மேல குண்டு போட்டப்ப எரிஞ்சு போன கடைகளோட கணக்குப் புத்தகமும் ஊர்க் கடுதாசியும் சேந்து எரிஞ்சுச்சு, அரபுத்தமிழ்ல, அதாவது தமிழ அரபு எழுத்துல எழுதுன அந்தக் கடுதாசிகள்லதான் ரெண்டு கரைக் குடும்பத்தப் பத்தியும் தகவல் இருந்திருக்கும். 1968-ல குடியுரிமை இல்லாதவங்களுக்கு வேலை பெர்மிட் கட்டாயம்னு சட்டம் வந்ததும் இந்தக் கிளையில குடியுரிமைக்கான நீலக் கார்டு எடுக்காதவங்க நிறைய பேரு ஊருக்கே திரும்பிட்டாங்க. மிச்சம் இருந்தவங்களுக்கு கடை சொந்தம் கிடையாது, வாடகைக் கட்டுப்பாடு சட்டம் இருந்ததால பழைய வாடகையிலயே இருந்தாங்க, 2000 ஜனவரி 1-ந் தேதி அந்த கட்டுப்பாடு முடிஞ்சதும் வாடகை கட்ட முடியாம கடைய காலி பண்ணவங்க எத்தனையோ பேரு. 2008-ல யுனெஸ்கோ பாரம்பரிய நகரம்னு அறிவிச்சப்ப அந்தக் கட்டடத்துக்கு மதிப்பு வந்துச்சு, உள்ள இருந்த குடும்பம் ஏற்கெனவே ஊருக்கு வெளிய பாயான் லெப்பாஸ் பக்கம் ஃப்ளாட்டுக்கு போயாச்சு.

இன்னைக்கு நிலைமை என்னன்னா, ஒரே கடைக்காரரோட குடும்பத்துல ஒருத்தர் அரசாங்கப் பதிவுல மெலாயு (மலாய்க்காரர்), இன்னொருத்தர் பதிவுல இந்தியர், மூணாவது ஆளு கையில இந்திய பாஸ்போர்ட்டு. மலேசிய அரசியலமைப்புச் சட்டம் 160-வது பிரிவுல மலாய்க்காரருங்கறதுக்கு இரத்தத்த வச்சு விளக்கம் கொடுக்கல, இஸ்லாம், மலாய் பேசுற பழக்கம், மலாய் வழக்கம், இதோட மெர்டேக்காவுக்கு (1957 சுதந்திரம்) முன்னாடி இங்க பொறந்த தொடர்பு, இத வச்சுத்தான் கொடுத்துருக்கு. அந்தப்படி பாத்தா ஜாவி பெக்கான் கிளை மலாய்க்காரங்க ஆனதுல எந்த பித்தலாட்டமும் கிடையாது, மூணு தலைமுறையா அவங்க வாழ்ந்த வாழ்க்கையே அதுதான். நம்மாளுங்கள்ல சில பேரு அவங்கள சலுகைக்காக மாறுனவங்கன்னு பேசுறத கேக்கும்போது எனக்கு கோவம் வரும். 1957-க்கு எவ்வளவோ முன்னாடியே அவங்க வீட்டு மொழி மாறிடுச்சு, பேருல மட்டும் மெரிக்கன், நைனான்னு கரையோர அடையாளம் ஒட்டிக்கிட்டு இருக்கு.

தேடணும்னு நினைக்கிறவங்களுக்கு ஒரு யோசனை. பினாங்கு பக்கத்துல அப்பா வழியா, கட்டடத்த வச்சு தேடுங்க, ஏன்னா 1963 நிலச் சட்டம் வர்ற வரைக்கும் இங்க நில உரிமை பத்திரத்துக்கு மேல பத்திரமா எழுதுற பழைய இங்கிலீஷ் முறையிலதான் இருந்துச்சு, கடை ஒரு தடவ கை மாறுனாலும் வித்தவரு பேரு, வாங்குனவரு பேரு, சில நேரம் விதவை பேரு கூட அதுல இருக்கும். பேர மட்டும் ஒரே எழுத்துல தேடாதீங்க, கெரானி காதுல விழுந்தபடி எழுதிருப்பாரு, ஒரே காதர் அஞ்சு விதமா வருவாரு. 1905 சட்டப்படி இந்து முஸ்லிம் தர்ம சொத்துக்கள அரசாங்க வாரியம் எடுத்து நடத்துனப்ப உண்டான வக்ஃபு பதிவுகளையும், மசூதி கபுருஸ்தான்ல இருக்குற மீசான் கல்லையும் (கபுரு மேல வைக்கிற கல்லு) பாருங்க.

கரைப் பக்கம் மட்டும் இப்படி தேடுனா கிடைக்காது. அங்க போய் இன்னாரு மகன் இன்னாரு வீடு எதுன்னு கேட்டா யாருக்கும் தெரியாது, ஏன்னா வீடு அவரோடது கிடையவே கிடையாது. அவரு கட்டிக்கிட்ட பொண்ணோட வீடு எது, அந்தப் பொண்ணோட மகளுக்கு எந்தத் தெருவுல வீடு கட்டுனாங்கன்னு கேக்கணும், அதுவும் ஆம்பளைங்ககிட்ட கேக்காம தெருவுல மூத்த பொம்பளைங்ககிட்ட கேக்கணும், அவங்களுக்கு பினாங்கு போன மாப்பிள்ளை எந்த வீட்டுக்கு வந்தவருங்கற விவரம் அஞ்சு தலைமுறைக்கு வாயிலயே இருக்கும். அவங்க காட்டுற வீட்டுக்கு பத்திர ஆபீஸ்ல வில்லங்கம் போட்டு பாருங்க, பாட்டி பேரு, அவங்க உம்மா பேருன்னு பின்னாடியே போகும்.